தீனதயாளன் மாட்டுன கம்பி

ஊர எடுத்து ஊருக்கு வெளிய கடாசுன கத எல்லாருக்கும் தெரியும், கடாசுன ஊரு தினம் காலைல பல்லு வெளக்கிகினு பழைய எடத்துக்கே வந்து நின்ன கத எங்களுக்கு மட்டும் தான் தெரியும், அத்த சொல்றேன் கேளு, நடுவுல சிரிப்பு வந்தா சிரிச்சிக்கோ, நாங்களும் கடைசி நாள் வரைக்கும் சிரிச்சிகினு தான் இருந்தோம்.

கூவத்தாண்ட தோணிமேடுன்னு ஒரு எடம், அங்க தான் எங்க குடிசைங்க. ஒரு நாளு மஞ்ச வண்டி வந்து கைய நீட்டி எல்லாத்தையும் வழிச்சிப் போட்டுச்சி, எல்லையம்மன் கோயில மட்டும் வுட்டுட்டாங்க, சாமியத் தொட பயம், சாமி கும்புடுறவனத் தொட இன்னா பயம், எங்கள லாரில ஏத்தி, பீரோ மேல கோழி, கோழிக்கூண்டு மேல கொழந்தன்னு அடுக்கி, ஏரிமேட்டுல எறக்கி வுட்டாங்க. ஏரிய மூடி அதும் மேல அடுக்கடுக்கா வூடு, லிஃப்டு உண்டு, ஆனா அது ஏறாது எறங்காது, பெரிய மனுசன் மாதிரி ஒரே எடத்துல நிக்கும். வேலை பழைய எடத்துல, பள்ளிக்கூடம் பழைய எடத்துல, ஆசுபத்திரி பழைய எடத்துல, நாங்க மட்டும் இங்க. போவணும்னா ஷேர் ஆட்டோ புடிச்சி, அப்புறம் ஒரு பஸ்ஸு, அப்புறம் இன்னொரு பஸ்ஸு, போய்ச் சேர்ற நேரத்துக்கு வூட்டுக்காரம்மா வேற ஆள வச்சி பாத்திரம் கழுவிகினு இருப்பாங்க.

தீனதயாளன் இருந்தது மேல் மாடி. எங்க கச்சேரி ட்ரூப்புல அவன் கரெண்டு கித்தாரு, நான் டோலக்கு. அவன் வாசிக்கிறது மத்தவன் வாசிக்கிற மாதிரி இல்ல. வயசுல பட்டறைல வேல செய்ய சொல்ல பிரஸ் மிஷினு அவன் எடது கை வெரலு நுனிய எல்லாம் ருசி பாத்துடுச்சி, கம்பிய அமுக்க வெரலு இல்ல, அதுக்கு இன்னா பண்ணான், பழைய பேரிங்குலேர்ந்து இரும்பு உருளை ஒண்ண உருவி, பளபளன்னு தேச்சி, கித்தார மடியில மல்லாக்கப் படுக்க வச்சி, அந்த இரும்பக் கம்பி மேல வழுக்கிகினே போவ வுட்டான், அது பாடுறாப்ல இருக்கும், அழுவுறாப்ல இருக்கும், சில நேரம் பொண்டாட்டி திட்டுறாப்லயும் இருக்கும்.

பொண்டாட்டி பேரு அமுலு. ஒரு டாக்டரு வூட்டுல சமையலு, தோணிமேட்டுப் பாலத்துக்கு அந்தாண்ட. அவ சம்பாத்தியத்துல தான் வூட்டுல அடுப்பு எரியும், அவ வாயில தான் வூட்டுல சிரிப்பு வரும், அவ இல்லன்னா தீனா வெறும் மரக்கட்ட, அத்த அவனே சொல்லுவான். ஏரிமேட்டுக்கு வந்ததுலேர்ந்து அவ பஸ்ஸுல நின்னு நின்னு காலு வீங்கி, ஒரு நாளு காலைல சாப்பாட்டு டப்பாவ மூடிகினே சொன்னா: "இன்னிக்கி போறேன்யா. சாயங்காலம் வருவேனான்னு கேக்காத. என் தங்கச்சி வூட்டு வாசப்படி போதும் எனக்கு, அங்கயே மொடங்கிக்கிறேன்."

 பொண்டாட்டி இப்புடிச் சொன்னா தீனா இன்னா பண்ணுவான், கித்தாருக்குக் கம்பி மாட்டுவான். அதுவரைக்கும் அவன் வச்சிருந்தது ஒன்பதாம் நம்பரு கம்பி, தலமுடி மாதிரி மெல்லிசு, வெரலால அமுக்குறவனுக்கு அது சரி, இரும்பு வைக்கிறவனுக்கு ஆவாது, இரும்பு பட்டதும் தொங்கிப் போயி கீழ பட்டைல இடிச்சி கடகடன்னும். அதுக்காகப் பாரீஸ் கார்னருல போயி, அத்த வுட தடியா, பதினொண்ணாம் நம்பருல நிக்கலு சுத்துன சுருள் கம்பி வாங்கியாந்திருந்தான், அத்த மாட்டி, முறுக்கி, கீழேர்ந்து மேலாக்க இரும்ப மெதுவா இழுத்தான். இஸ்தா, அந்த மேல் மாடி வராண்டா கடைசில, சொவுரு முடிஞ்சி வெறும் ஆகாசம் இருக்க வேண்டிய எடத்துல, தோணிமேட்டுப் பாலம் வந்து நின்னுச்சி. பாலத்தாண்ட டீக்கடை, டீக்கடைல மாஸ்டரு டீ ஆத்திகினு இருக்கான், ஆவி தெரியுது, வாசன வருது.

அமுலு பாத்தா. பொடவைய இடுப்புல சொருவுனா. ஒரே எட்டு, அந்தாண்ட போயிட்டா. திரும்பி நின்னு புருசனப் பாத்து, "இத்தப் பண்ணத் தான் இத்தினி நாளு ஆச்சா உனக்கு?"ன்னு கேட்டுட்டு, டாக்டரு வூட்டுப் பக்கம் நடந்தா. டீ மாஸ்டரு, இன்னா அமுலு இன்னிக்கி சீக்கிரமா வந்துட்டன்னு கேட்டானாம், புருசன் கொண்டாந்து வுட்டாருன்னு சொன்னாளாம், அவ்ளோ தான் பேச்சு.

மறுநாளு காலைல அந்த வராண்டாவுல நிக்க எடம் இல்ல. வூட்டு வேலைக்கிப் போற பொம்பளைங்க, இஸ்திரிப் பொட்டிய கங்கோட தூக்கிகினு வந்த பழனியாண்டி, மீன் கூடை, புத்தக மூட்டை, பல்லுவலின்னு கன்னத்தப் புடிச்சிகினு நாலு பேரு, வேலையே இல்லாத அஞ்சாறு பேரு டீ குடிக்க. எங்க சங்கத் தலைவர் கஜபதி, லுங்கிய மடிச்சிக் கட்டிகினு, பொம்பளைங்க ஒரு வரிசை, ஆம்பளைங்க ஒரு வரிசை, ஆடு மாடு கடைசின்னு சட்டம் போட்டாரு. காலைல இஸ்தா எல்லாரும் போவோம், சாயங்காலம் பாலத்தாண்ட வந்து நின்னா தீனா மறுபடி இஸ்து எங்கள வூட்டுக்கு வாங்கிப்பான். யாருக்கும் இது எப்புடின்னு தோணல. லிஃப்டு ஏன் ஓடலன்னு கேட்டவங்க கூட பாலம் ஏன் வருதுன்னு கேக்கல.

ஒழுங்கு ஒண்ணு இருந்துச்சி, அது தானா தெரிஞ்சிது. வந்தது பாலம் இல்ல, எங்க கட்டடம் தான் அங்க போயி நிக்குது, சத்தம் ஓடிகினு இருக்குற வரைக்கும் பாலத்தாண்ட நிக்கும். வேலை முடிஞ்சதும் தீனா இரும்ப மெதுவா, தூங்குற கொழந்தயக் கீழ வுடுறாப்ல, பின்னாடி எறக்கிகினு வரணும், அப்போ எங்க கட்டடம் நல்ல புள்ளயா அதோட எடத்துக்குத் திரும்பிப் போவும். நடுவுல சத்தம் பட்டுன்னு நின்னா, இஸ்து வுட்ட ரப்பரு மாதிரி கட்டடம் விசிறிகினு போவும், எங்க போய் வுழும்னு தெரியாது. இன்னொண்ணு, எடது கை இரும்பு புடிக்குது, வலது கை கம்பிய மீட்டிகினே இருக்குது, அதனால எல்லாரையும் அனுப்புறவன் மட்டும் போவ முடியாது. கஜபதி ஒரு நாளு நான் புடிக்கிறேன்டான்னு வாங்கி வாசிச்சிப் பாத்தாரு, பாலம் வரல, பக்கத்து ப்ளாக்குலேர்ந்து ஒரு பூன மட்டும் வந்துச்சி. அமுலு கூட ஒரு தபா வரிசைல நிக்க சொல்ல கேட்டா, ஊரையே அனுப்புறியே, உன்ன யாருய்யா அனுப்புறதுன்னு. தீனா சிரிச்சான். சாயங்காலம் நீ திரும்பி வரியே, அது போதும்னான்.

அப்புறம் கம்பிப் பேச்சு கெளம்புச்சி. கித்தாரக் கண்ணாலயே பாக்காதவன் எல்லாம் கம்பிக்கு வாத்தியாரு ஆயிட்டான், கொழாயடில சண்ட போடுற பொம்பளைங்க தண்ணிய வுட்டுட்டு பதினொண்ணா பன்னெண்டான்னு சண்ட போட்டாங்க. பித்தள சுத்துன கம்பி தான் கணீர்னு இருக்கும்னு யாரோ சொல்லி, ஒரு நாளு அத்த மாட்டுனான். கரெண்டு கித்தாருக்கு உள்ள காந்தம் கீது, அது இரும்ப மதிக்கும், பித்தளைய மதிக்காது, அதனால பாலம் பாதி தான் வந்துச்சி, பாதி பேரு கோயம்பேட்டுல கோசு மூட்டை மேல போய் எறங்குனாங்க, அவங்க கோவிச்சிக்கல, சாயங்காலம் ஆளுக்கு ஒரு கோசோட வந்தாங்க. சுருள் கம்பில சத்தம் நெடுக நிக்கும், ஆனா இரும்பு அதும் மேல போவ சொல்ல கிரீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அந்தக் கிரீச்சுல பாலம் குலுங்கும், கொழம்பு சிந்தும், ஒத்தச் செருப்பு கீழ வுழும். வழவழக் கம்பின்னு ஒண்ணு, மேல தட்டையா சுத்துனது, அதுல கிரீச்சு இல்ல, பாலம் கல்லு மாதிரி நிக்கும், ஆனா சத்தம் பொசுக்குன்னு செத்துடும், மூச்சு வுடாம மீட்டிகினே இருக்கணும். எது எடுத்தாலும் ஒண்ணு கெடைக்கும் ஒண்ணு போவும்னு தீனா சொல்லிப் பாத்தான். எல்லாமே கெடைக்கிற கம்பியா பாத்து வாங்கு, அதுக்குத் தான வசூலு பண்ணித் தரோம்னாரு கஜபதி.

நடுவுல ஒரு ஆபீஸரு வந்தாரு. ஏரிமேட்டுக்கு பஸ்ஸு வுடணும்னு நாங்க எழுதிக் குடுத்தத விசாரிக்க. காலைல வந்து பாத்தாரு, வரிசைல நின்னாரு, ஒரே எட்டுல தோணிமேட்டுல எறங்கி டீ குடிச்சாரு, ரொம்ப சந்தோசமா போயி, இங்க போக்குவரத்து வசதி பிரமாதம், பஸ்ஸு தேவையில்லன்னு எழுதிட்டாரு. நாங்களே அவரத் தூக்கி வுட்டு கை தட்டுனோம், அப்புறம் தான் இன்னா பண்ணோம்னு புரிஞ்சிது.

கட்டடம் தள்ளிப் போறத மொதல்ல கவனிச்சது ஷேர் ஆட்டோக்காரன். நேத்து விட இன்னிக்கி தூரம் ஜாஸ்தின்னான், நாங்க அவனக் கலாய்ச்சோம். ஆனா உண்ம தான், எவ்ளோ மெதுவா எறக்குனாலும் கட்டடம் பழைய எடத்துல நிக்காம ஒரு பனமரம் தூரம் தள்ளிப் போய் நின்னுச்சி, தினமும். ஜன்னலத் தொறந்தா நேத்து இருந்த பொட்டிக்கட இல்ல, வேற பொட்டிக்கட. அதுல வேற ஊரு பேப்பரு. ஒரு நாளு சாயங்காலம் கூட்டம் ஏறிகினு இருக்க சொல்ல, பழனியாண்டி இஸ்திரிப் பொட்டியும் ஒரு ஆடும் ஒரே நேரத்துல கால வைக்க, மூணாவது கம்பி அறுந்து சத்தம் பட்டுன்னு நின்னுச்சி. நல்ல வேள, எல்லாரும் இந்தாண்ட வந்துட்டோம், ஆனா கட்டடம் விசிறிகினு போச்சி பாரு, உள்ள இருந்த பீரோ எல்லாம் வாசலுக்கு வந்துச்சி. மறுநாளு ஜன்னலத் தொறந்தா எதுக்க ஒரு மலை, மலை மேல கொரங்கு. ஷேர் ஆட்டோ வரல, பால் வண்டி வரல. வந்த எடத்துக்குப் பேரு இன்னான்னு கேக்க ஆளு இல்ல. கொரங்குக்கு நாங்க பேரு வச்சோம், மலைக்கு வைக்கல, எத்தினி நாளு இருக்கப் போவுதோன்னு.

ஆவ, இப்போ தீனா கித்தாரு இல்லன்னா எங்களுக்கு ஊரே இல்ல. சாயங்காலம் அவன் இஸ்தா தான் அமுலு அவன்கிட்ட, இஸ்காட்டி அமுலு தோணிமேட்டு ரோட்டுல, நடுவுல எத்தினி மலைன்னு யாருக்கும் தெரியாது. அத்த நெனச்சி நெனச்சி அவன் எளைச்சிப் போனான். சோறு துன்ன சொல்ல கூட எடது கை தானா அங்கயும் இங்கயும் வழுக்கிகினு இருக்கும்.

ஆடி மாசம் வந்துச்சி. எல்லையம்மனுக்குக் கூழு ஊத்தணும். சாமி அங்க, நாங்க கொரங்குங்க கூட. கஜபதி சங்கத்தக் கூட்டுனாரு, இந்த வருசம் ஒருத்தர் வுடாம மொத்த ப்ளாக்கும் போறோம், பம்பை, உடுக்கை, மைக்கு செட்டு, கூழுப் பானை எல்லாத்தோட போறோம், அதுக்குத் தாங்குற கம்பியா மாட்டுடா தீனான்னாரு. தீனா எழுந்து நின்னான். அவன் கூட்டத்துல பேசி யாரும் பாத்ததில்ல. தடிமன் ஏத்தினா எடை தாங்கும் தலைவரே, ஆனா தடிக் கம்பில சத்தம் நின்னுச்சின்னா ரொம்ப தூரம் வீசிடும், கட்டடம் எங்க போய் வுழும்னு எனக்கே தெரியாது, பதினொண்ணுலயே நாலு நாலு பேரா அனுப்புறேன்னான்.

கஜபதி சொன்னாரு: "ஏன்டா, நீ நாலு நாலு பேரா அனுப்பி முடிக்கிறதுக்குள்ள கூழு புளிச்சி சாராயம் ஆயிடும்டா."

எல்லாரும் சிரிச்சோம். நானும் தான். சிரிச்சிட்டா அந்தப் பேச்சு முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம் எங்க சங்கத்துல. பதிமூணாம் நம்பரு முடிவாச்சி. அது சுருளா வழவழவான்னு அடுத்த சண்ட. தீனா சுருளுன்னான், சத்தம் நிக்கும், நான் நடுவுல மூச்சு வுடலாம்னான். பொம்பளைங்க எல்லாம் ஒரே கட்சி, கிரீச்சு வந்து பாலம் குலுங்குனா அம்மன் கூழு சிந்தும், சிந்துனா ஆவாது, வழவழ தான்னாங்க. சாமி பேரு வந்துட்டா எவன் எதுத்துப் பேசுவான். அவன் கைய ரெண்டையும் பாத்தான், சரின்னான்.

ஆடி ஞாயித்துக்கெழம காலைல பதிமூணாம் நம்பரு வழவழக் கம்பில தோணிமேடு வந்து நின்னுச்சி பாரு, அது மாதிரி எப்பவுமே நின்னதில்ல, பாலமும் ரோடும் கோயிலும் வேப்பமரமும் மொத்தமா, ஒரு ஆட்டம் இல்ல, நெலப்படி மாதிரி. மொத்த ப்ளாக்கும் எறங்குச்சி. நடக்க முடியாதவங்கள நாற்காலியோட தூக்கிகினு போனோம், கோழியக் கூட எடுத்துகினாங்க. கடைசில அமுலு. சாயங்காலம் மொத ஆளா வந்து நிக்கிறேன்யான்னு சொல்லி, அவன் தோளத் தட்டிட்டு எறங்குனா. அவன் எங்க எல்லாரையும் அனுப்பிட்டு, இரும்ப மெதுவா எறக்கிகினே போனான், அந்த ஆளு இல்லாத கட்டடம் அவனோட போறத பாலத்துமேலேர்ந்து பாத்தேன், துணி கூட கொடில காயல.

நல்ல திருவிழா. வேலி போட்ட எங்க எடத்து ஓரமா அடுப்பு மூட்டி, கேவுரு கூழு காய்ச்சி, வெங்காயம் அரிஞ்சி, கருவாடு சுட்டு, மோளம் அடிச்சி, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாருக்கும் ஊத்துனோம். அமுலு தான் பெரிய பானைல துடுப்பு போட்டா. அப்பப்போ கேட்டுகினு இருந்தா, அந்த ஆளு இன்னா துன்னிருப்பான், வூட்டுல ஒண்ணும் இல்லியே, பக்கத்து வூட்டுல கேக்கலாம்னா பக்கத்து வூட்டுக்காரி இங்க சாமி ஆடிகினு இருக்காளேன்னு.

வெயிலு எறங்குச்சி. பாலத்தாண்ட எல்லாரும் கூடுனோம், பானை கழுவி, கரகம் எறக்கி, தூங்குற கொழந்தைங்களத் தோள்ல போட்டுகினு. கம்பிச் சத்தம் மொதல்ல வந்துச்சி, அப்புறம் வராண்டா வந்துச்சி, அப்புறம் தீனா. ஒதடு வெடிச்சிக் காஞ்சி கீது, கண்ணு உள்ள போயிருக்கு. இத்தினி கூட்டத்துக்கும் தாங்குறாப்ல எடது கைய இரும்பு மேல வச்சி அமுக்கிகினு, வலது கை நிக்காம மீட்டுது, நிறுத்துனா செத்துடும் அந்தக் கம்பி, அத்த நாங்க எல்லாரும் கூட்டத்துல சண்ட போட்டே கத்துகினது. ஏறுங்கன்னு அவன் தலைய ஆட்டுனான்.

சொன்ன சொல்லு தப்பாம மொத ஆளா நின்னது அமுலு. அவ கைல ஒரு சொம்பு கூழு. அவ ஏறல. புருசன் மூஞ்சப் பாத்தா, அந்த ஒதட்டப் பாத்தா, வேற எதுவும் அவ கண்ணுக்குத் தெரியல. சொம்ப நீட்டுனா.

"அம்மன் கூழு. மொதல்ல இத்தக் குடிய்யா."

இப்போ நான் சொல்றத நல்லாக் கேளு. அம்மன் கூழ நீட்டுனா வேணாம்னு சொல்லக் கூடாது. அப்புறம் குடிக்கிறேன்னு சொல்லக் கூடாது. கீழ வைன்னு சொல்லக் கூடாது. எடது கைல வாங்கக் கூடாது. இது எங்க தாய் வயித்துலயே எங்களுக்குத் தெரியும். அங்க நின்ன அத்தினி பேருக்கும் வலது கை இன்னா பண்ணிகினு இருக்குன்னும் தெரியும், எடது கை இன்னா பண்ணிகினு இருக்குன்னும் தெரியும், கம்பி எந்தக் கம்பின்னும் தெரியும். சுருள் கம்பியா இருந்தா அவன் கூழு குடிச்சி வாயத் தொடச்சி ஏப்பம் வுட்டாலும் சத்தம் நின்னிருக்காது. வாங்காதடான்னு சொல்ல எனக்கு வாய் வந்துச்சி. அம்மன் கூழ வாங்காதன்னு எந்த வாயால சொல்றது. கஜபதி, ஊருக்கே சட்டம் போடுற மனுசன், வானத்தப் பாத்துகினு இருந்தாரு. தீனா சொம்பப் பாத்தான், அமுலுவப் பாத்தான், கம்பியப் பாத்தான். அவன் மூஞ்சில கோவம் இல்ல, வருத்தம் இல்ல, பரிச்ச எழுதத் தெரியாம உக்காந்திருக்குற பையன் மாதிரி ஒரு மூஞ்சி.

வலது கைய நீட்டி வாங்கிகினான்.

ஒரு மொடக்கு குடிச்சான், அத்தப் பாத்தோம். தொண்ட ஏறி எறங்குச்சி. அப்புறம் பாலம் இருந்துச்சி, ரோடு இருந்துச்சி, நாங்க இருந்தோம், எதுக்க கூவம் நாறிகினு ஓடுச்சி. சத்தம் போடாம போயிடுச்சி அந்தக் கட்டடம், எங்க வூடு, எங்க பீரோ, எங்க ரேசன் கார்டு, அவன்.

மறுநாளு போலீஸு வந்து வேலி ஓரத்துலேர்ந்து எங்களக் கெளப்புனாங்க. வூட்டுக்குப் போங்கன்னாங்க. வூடு எங்க சார் கீதுன்னு கேட்டா, அவங்களும் பாவம், விசாரிச்சிப் பாத்தாங்க, ஏரிமேட்டுல எங்க ப்ளாக்கு நின்ன எடத்துல வெறும் ஏரி தான் இருக்குதாம், தண்ணி தளும்பத் தளும்ப. தினம் சாயங்காலம் பாலத்தாண்ட போய் நின்னு பாத்தோம், கம்பிச் சத்தம் வரல, அவன் இஸ்தாலும் எட்டாத தூரத்துக்கு வீசிடுச்சி போல. ஆளாளுக்கு ஒரு பாலத்துக்கு அடில, ஒரு சொந்தக்காரன் வூட்டுல, பிரிஞ்சி போனோம். நான் புது ட்ரூப்புல டோலக்கு வாசிக்கிறேன், அங்க கித்தாருக்காரன் நல்லா வெரலால அமுக்கி வாசிக்கிறான், ஒண்ணும் வந்து நிக்க மாட்டேங்குது.

ஆனா அந்த சாயங்காலம். கட்டடம் போன பின்னாடி யாரும் அழுவல, யாரும் யாரையும் ஏசல, அமுலு மட்டும் நீட்டுன கைய மடக்காம நின்னுகினு இருந்தா, நான் பக்கத்துல போயி வாம்மான்னு கூப்ட்டேன். அவ திரும்பிப் பாத்தா. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குறாப்ல சொன்னா: "அவசரத்துல உப்பு போடாம குடுத்துட்டேன்ணா."